ஐம்பது வராத கம்பி

காகிதத் துண்டு விழுந்துவிட்டது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சோனாமீட்டர் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு மரப்பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, கம்பியின் நுனியில் தொங்கும் ஒரு எடைத் தட்டு. டிரான்ஸ்பார்மர் வழியாகக் கரண்டைக் குறைத்துக் கம்பியில் விட்டு, பக்கத்தில் காந்தத்தை வைத்து, அடியில் இருக்கும் இரண்டு கட்டைகளையும் மெல்ல நகர்த்த வேண்டும். சரியான நீளம் வந்ததும் கம்பி துடிக்கும். மேலே மடித்து உட்கார வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். அந்த நீளத்தை அளந்து கணக்குப் போட்டால், கரண்டு நொடிக்கு எத்தனை தடவை போய்வருகிறது என்று தெரியும். ஐம்பது தடவை. கோயமுத்தூர் ஜில்லாவில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் இது பரீட்சைக்கு முன்னாலேயே தெரியும்.

பொற்கொடிக்கு நாற்பத்தெட்டு வந்தது.

லாக் டேபிளை மறுபடி புரட்டினாள். அதே நாற்பத்தெட்டு. தட்டில் எடையைக் கூட்டி, கட்டையை நகர்த்தி, துண்டு விழுந்ததும் அளந்து, வியர்த்துப் போய்க் கணக்குப் போட்டாள். நாற்பத்தெட்டேதான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், பிப்ரவரி மாதம். சிங்காநல்லூரில் அவள் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு. சீட்டுக் குலுக்கியதில் நாலு பேருக்கு சோனாமீட்டர் விழுந்திருந்தது. நாலு பேருக்கும் தனித்தனி மேசை. மற்ற மூன்று பேரும் வேலையை முடித்துவிட்டு, விடைத்தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசைத் தமிழ்ச்செல்வன் மூன்று ரீடிங்கும் எடுத்து, சராசரி போட்டு, அடியில் சிவப்பு மையில் கோடும் இழுத்துவிட்டான்.

"உனக்கு எவ்வளவுடா?" என்றாள் உதடு அசையாமல்.

"அம்பது. உனக்கு?"

பொற்கொடி லாக் டேபிளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா மில்லில் வேலை. "இன்ஜினீயரிங் சீட்டுக் கெடைச்சாப் படி கண்ணு. இல்லாட்டி டைப்ரைட்டிங் போயிரு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்த சீட்டோ அரை மார்க், கால் மார்க்கில் கைநழுவிப் போகிற சமாச்சாரம். செய்முறையில் ஊரே ஐம்பதுக்கு ஐம்பது வாங்கும்போது இவள் நாலைந்து மார்க்கை விட்டால், டைப்ரைட்டிங்தான். கணக்கில் புலி என்று பேரெடுத்தவள் கம்பியில் மாட்டிக்கொண்டாளே என்று அவளுக்கே அவள்மேல் பரிதாபமாக இருந்தது.

இயற்பியல் ஆசிரியர் முகமது யூசுப் ரவுண்டு வந்தார். தங்கமான மனுஷர். அவர் பிள்ளைகளுக்குச் செய்முறையில் இதுவரை ஒரு மார்க் குறைந்ததில்லை. அதற்கு அவர் வைத்திருந்த வழியும் சுலபமானது. "முடிவு தெரிஞ்சாப் போதும் கண்ணு, ரீடிங் தானா வரும்" என்று ஐம்பதிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு நீளங்களை எழுதிப்போடுவார். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துகொள்வார்கள். அந்தப் பாடம் நடந்த வாரம் பொற்கொடிக்கு அம்மை போட்டிருந்தது. புத்தகத்தைப் படித்துத் தானாகவே செய்முறையைத் தெரிந்துகொண்டாள். ஆக, அந்த நாலு பேரில் சோனாமீட்டரை நிஜமாகவே செய்து பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பாவம்.

அவள் தாளைப் பார்த்ததும் யூசுப் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"என்ன அம்மணி இது?"

"நாப்பத்தெட்டுதானுங்க சார் வருது."

"அதெப்படி வரும்? அம்பது வரணும். காந்தம் சரியில்ல போல, இரு."

அலமாரியிலிருந்து வேறு காந்தம் கொண்டுவந்து கொடுத்தார். புதுக் காந்தத்துக்கும் நாற்பத்தெட்டுதான் பிடித்திருந்தது. அளவுகோலை மாற்றினார்கள். நாற்பத்தேழேமுக்கால் ஆயிற்று. யூசுப் அவசரமாகப் பழைய அளவுகோலையே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இத்தனையையும் ஜன்னலோரம் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் வெளித் தேர்வாளர் அரங்கசாமி. பவானிக்காரர். வழக்கமாக வெளித் தேர்வாளர் வந்தால் டீ, வடை, மத்தியானம் நல்ல சாப்பாடு என்று கவனித்துவிட்டால் அவர் மனம் இளகிவிடும். இவர் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லி ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார். டீ வேண்டாம் என்றுவிட்டார். வீட்டிலிருந்து மனைவி சபுரா கொடுத்தனுப்பிய பிரியாணி கேரியரை யூசுப் காட்டியபோது, "தயிர்ச்சோறு கொண்டாந்துட்டனுங்க" என்றார். ஜிப்பாவின் ஒரு பக்கப் பை புடைத்திருந்தது. அடிக்கடி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மூக்குப்பொடி டப்பா, பரீட்சை முடியட்டும் என்று அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று யூசுப் நினைத்தார்.

அரங்கசாமி ஒரு நிமிஷம் வராந்தாவுக்குப் போனார். யூசுப் பாய்ந்து வந்தார்.

"கண்ணு, உன்ற டிரான்ஸ்பார்மர்தான் கோளாறு. தமிழு முடிச்சுப்போட்டான். அவன் மேசைக்குப் போ. அங்க அம்பது வந்திருக்குது பாரு."

பொற்கொடி தாளையும் லாக் டேபிளையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். ஓடிய வேகத்தில் முழங்கை இடித்து, தமிழ்ச்செல்வன் மேசையிலிருந்த டிரான்ஸ்பார்மர் தடாலென்று கீழே விழுந்தது.

எடுத்து வைத்து, ஒயரைச் சொருகி, கட்டையை நகர்த்தினாள். கம்பி அசையவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்த்தினாள். காகிதத் துண்டு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"போச்சு போ. நல்லா இருந்ததையும் கெடுத்துப்போட்டயா?" யூசுப் தலையில் கைவைத்துக்கொண்டார். "இனி ஹெட்மாஸ்டருக்கு நான் என்னனு பதில் சொல்லுவேன்?"

பொற்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் இரண்டு குறைந்தது. இப்போது எல்லாமே போயிற்று. பள்ளிக்கூடத்துச் சாமானையும் உடைத்தாயிற்று. டைப்ரைட்டிங் மெஷின் டக்டக்கென்று அடிக்கிற சத்தம் காதிலேயே கேட்டது.

"நேரம் இல்ல அம்மணி. கீழ அம்பதுனு எழுதிப்போட்டு எந்திரிச்சுரு. மீதிய நான் பேசிக்கறேன்."

அவள் தன் மேசைக்குத் திரும்பி வந்து எழுதினாள். ஐம்பது. எழுதிவிட்டு மேலே பார்த்தாள். வரிசையாக அவளே அளந்த நீளங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்கிறது. எதிரே அவளுடைய கம்பி இன்னமும் துடித்துக்கொண்டிருந்தது. பொற்கொடிக்குத் திடீரென்று கோபம் வந்தது. காலையிலிருந்து இந்தக் கம்பி ஒரு தடவைகூட மாற்றிப் பேசவில்லை, நான் எதற்கு மாற்றிப் பேச வேண்டும்? ஐம்பதை அடித்தாள். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் நாற்பத்தெட்டு என்று எழுதி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அரங்கசாமி நாலு தாளையும் மேசைமேல் பரப்பி வைத்தார்.

"சார், பொற்கொடி நல்ல புள்ளைங்க. கணக்குல நூத்துக்கு நூறு. இன்னைக்கு என்னமோ பதட்டம்" என்று யூசுப் குனிந்தார்.

"இருங்க சார்." அரங்கசாமி நிமிர்ந்தார். "ஏனுங்க தம்பி தமிழ்ச்செல்வன், உங்களுக்குக் கம்பி நல்லாத் துடிச்சுதுங்களா?"

"நல்லாத் துடிச்சுதுங்க சார். மூணு தடவையும் பேப்பர் எகிறி விழுந்துச்சுங்க."

மற்ற இருவரும் அப்படியே தலையாட்டினார்கள்.

"அம்மணி, உங்களுக்கு மட்டும் ஏன் நாப்பத்தெட்டு? அம்பதுன்னு எழுதி வேற அடிச்சிருக்கறீங்க?"

பொற்கொடி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. "கரண்டு அப்படித்தானுங்க சார் வருது. காந்தம், அளவுகோலுன்னு எல்லாத்தையும் மாத்திப் பாத்துப்போட்டேன். வராததை எப்படிங்க எழுதறது?"

யூசுப் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெயில் ஏறி, எல்லா மோட்டாரும் ஓடுச்சுன்னா கரண்டு சித்த இளைச்சுப் போகும். போன வாரம் எங்க பவானியில நானே போட்டுப் பாத்தேன். நாப்பத்தெட்டுதான்" என்றார் அரங்கசாமி. பேனாவைத் திறந்து, பொற்கொடியின் தாளில் எழுதினார். ஐம்பதுக்கு ஐம்பது.

அவள் அதைத் தலைகீழாகவே படித்தாள். நேராகத் திருப்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். டைப்ரைட்டிங் மெஷின் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"சார், டிரான்ஸ்பார்மரை உடைச்சுப்போட்டனுங்க" என்றாள், மனசு கேட்காமல்.

"அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது அம்மணி. போய்ட்டு வாங்க" என்றார் அரங்கசாமி.

யூசுப்புக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே மற்ற மூன்று தாள்கள்மேல் கண் போயிற்று. "அப்ப... இந்த அம்பது வந்த மூணு பேருக்குங்க சார்?"

அரங்கசாமி மார்க் போடாமல் பேனாவை மூடினார். "பிரியாணி இன்னும் சூடா இருக்குதுங்களா? சாப்பிட்டுப் பேசலாம்" என்று பையைத் தடவினார்.

அப்போது ஆய்வக உதவியாளர் கண்ணையா கதவருகே வந்து நின்றார்.

"ஐயா, அடுத்த பேட்ச்சு வந்தாச்சுங்க. காலையில பொற்கொடி நின்ன மேசையை மட்டும் உட்டுப்போட்டு மத்த மூணு மேசைக்கும் ப்யூஸ் கட்டையைக் கழட்டிப் பையில போட்டீங்களே, அதைக் குடுத்தீங்கன்னா அதுகளுக்கும் கரண்டு உட்டுருவனுங்க."