ப்ரூகே அண்ணையின் வெளிநடப்புகள்

கோபித்துக்கொண்டு எழுந்து போவதில் நம் ஆட்களை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. கலியாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து போவோம். சங்கக் கூட்டத்தில் கதிரையைத் தள்ளிவிட்டுப் போவோம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று நாலு பேரிடம் விசாரிப்போம். ஆனால் கோபித்துக்கொண்டு போவதை ஒரு படிப்பாகவே படித்து, அதற்கு எழுநூறு வருட வரலாற்று ஆதாரமும் வைத்திருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஹம்பேர்க்கில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ப்ரூகே அண்ணை.

அவருடைய சொந்தப் பெயர் கீழே அழைப்பு மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தபால்காரரைத் தவிர அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. பெல்ஜியத்தில் கால்வாயும் மணிக்கூண்டுமாக நிற்கும் ஒரு பழைய ஊரை உலகம் புரூஜ் என்கிறது, ஜேர்மன்காரர் ப்ரூகே என்பார்கள். அண்ணை துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அந்த ஊருக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு ஒரு புத்தகம்.

இந்த நாட்டில் வீட்டுக்கு வேண்டாத சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு, 'இலவசம்' என்று எழுதி நடைபாதையில் வைத்துவிடுவார்கள். அண்ணை அகதியாக வந்த புதிதில், மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று கையில் கடுதாசி கொடுத்திருந்த காலத்தில், அப்படியொரு பெட்டியில்தான் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தார். தலையணை போல் மொத்தமான புத்தகம். ப்ரூகேயின் வரலாறு பாதி, ஓவியங்கள் பாதி. எங்கும் போக முடியாத மனிதர் அந்தப் புத்தகத்துக்குள் போய்க் குடியேறிவிட்டார். அதை வைத்தே ஜேர்மன் பாஷையும் படித்தார். அதனால் அவருடைய ஜேர்மன் ஐந்நூறு வருடம் பழையது. அலுவலகங்களுக்கு அவர் எழுதும் விண்ணப்பம், "மாட்சிமை பொருந்திய நகரசபைப் பெருமக்களே, தங்கள் நல்லெண்ணத்தை நாடிவரும் எளிய வணிகன் யான்" என்று தொடங்கும். அதை வாசித்த ஒரு பெண் அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தாராம். அண்ணையே சொன்னார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கதை அவரைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அதை இருபது தடவையாவது சொல்லியிருப்பார்.

"தங்கச்சி, கேளுங்கோ. ஹம்பேர்க், லூபெக் எண்டு எங்கட வியாபாரியள் எல்லாரும் ஒரு கூட்டு. ஹான்சா எண்டு பேர். ப்ரூகேயிலதான் அவையின்ர பெரிய சந்தை. அங்க ஊர்க்காரர் தராசில சுத்துமாத்துச் செய்தா, மரியாதை குறைஞ்சா, எங்கட ஆக்கள் என்ன செய்தவை?"

"சண்டை பிடிச்சவையோ?"

"சண்டையோ! மூட்டையைக் கட்டினவை. எல்லாரும் ஒண்டா. பக்கத்தில ஆர்டன்பேர்க் எண்டு ஒரு சின்ன ஊர். அங்க போய்ப் பேசாமல் இருந்திட்டினம். ப்ரூகேக்கு மெழுகு இல்லை, மீன் இல்லை, பியர் இல்லை. சந்தை ஈயோட்டுது. ரெண்டு வருசத்தில நகரசபை வந்து கெஞ்சுது. இந்த இந்தச் சலுகை வேணும் எண்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்பி வந்தவை. ஒருக்கா இல்லைத் தங்கச்சி, திருப்பித் திருப்பிச் செய்தவை!"

பருத்தித்துறையில் பிறந்தவருக்கு லூபெக் வியாபாரிகள் எப்படி 'எங்கட ஆக்கள்' ஆனார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் இன்னும் ஒரு மணித்தியாலம் போகும்.

படித்ததை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் தேத்தண்ணி அவர் பொறுப்பு. ஒரு வருடம் வரவேற்புரை சொன்னவர் மண்டபம் கூட்டியவர் வரைக்கும் பெயர் சொன்னார், தேத்தண்ணியை மறந்துவிட்டார். அண்ணை முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. பெரிய தேத்தண்ணிப் பாத்திரத்தை மூடியோடு தூக்கித் தன் வான் வண்டியில் ஏற்றினார், உதவிக்கு நின்ற நாலு பேரையும் ஏற்றினார், இரண்டு தெரு தள்ளி ஒரு பெற்றோல் நிலையத்தில் போய் நிறுத்திவிட்டார். வெளியே ஜனவரிக் குளிர். மூன்றாவது நடனம் முடிவதற்குள் மண்டபம் ஆட்டம் கண்டது. சங்கத் தலைவர் மேலங்கியும் போடாமல் பட்டு வேட்டியோடு பனியில் வந்து வான் கண்ணாடியைத் தட்டினார். அண்ணை கண்ணாடியை நாலு விரல் இறக்கி, ஒரு தாளை நீட்டினார். தேத்தண்ணி ஊற்றுகிறவர்களுக்குத்தான் முதல் வடை. அவர்களுக்குக் கை வைத்த கதிரை. எந்தப் பேச்சாளரும் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. தலைவர் நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த மூன்றாவது சலுகைக்காக ஹம்பேர்க்கில் தமிழ் மக்கள் அண்ணைக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

புத்தகத்தின் மற்றப் பாதி ஓவியங்கள் என்றேன் அல்லவா? அவற்றைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். ப்ரூகே ஓவியர்கள் நாயின் மயிரைக்கூட ஒவ்வொன்றாகத் தீட்டுவார்கள், யன்னல் வெளிச்சம் இடப்பக்கத்தால் விழும், அதில் வியாபாரிகளும் மனைவிமாரும் முக்கால்வாசி திரும்பி நிற்பார்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். எங்கள் குசினியிலும் வெளிச்சம் இடப்பக்கத்தால் வருகிறது என்று கண்டுபிடித்த அன்றைக்கே அண்ணை கமராவோடு வந்து எங்களைக் குடும்பமாக நிறுத்தினார்.

"பல்லுத் தெரியக் கூடாது. கையைக் கூப்புங்கோ. நித்தியத்தைப் பாருங்கோ."

"நித்தியம் எந்தப் பக்கம் அண்ணை?" என்று என் வீட்டுக்காரர் பணிவோடு கேட்டார்.

"ஃப்ரிட்ஜுக்குக் கொஞ்சம் மேல."

அந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமிக்கு அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "ஆர் மோனை செத்தது?" என்று மாமி அழுதுகொண்டே கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர் ராணி அக்கா. பேச்சுக் குறைவு, பார்வை அதிகம். "பிள்ளை, எனக்குச் சக்களத்தி ஒரு ஊர்," என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு சித்திரை மாதம் ராணி அக்கா அலுமாரியைத் துப்புரவாக்கினார். புத்தகத்தின் அட்டை கிழிந்துபோனதால் அண்ணை அதற்குக் கோயில் கலண்டர் தாளால் உறை போட்டிருந்தார், ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழக்கம். மேலே பிள்ளையார், கீழே ராகுகாலம். அக்கா அதைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்து, மற்றப் பழசுகளோடு ஒரு பெட்டியில் போட்டு நடைபாதையில் வைத்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அந்த வீட்டிலும் இந்நேரம் வெளிநடப்புகள் தொடங்கியிருக்கும்.

அண்ணை கத்தவில்லை. உடுக்கிற சாரம் இரண்டையும் பூதக்கண்ணாடியையும் ஒரு போத்தல் மிளகாய்த்தூளையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நகரத்தின் ஓரத்தில் அவர்களுக்கு ஒரு துண்டுத் தோட்டமும் அதற்குள் ஒரு மரக் குடிலும் உண்டு. அதுதான் ஆர்டன்பேர்க்.

அந்தக் குடில்களில் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். மூன்றாம் நாள் தோட்டச் சங்கத் தலைவரான ஜேர்மன்காரர் விதிப் புத்தகத்தோடு வந்து, "நீங்கள் இங்கே வசிக்கிறீர்களா?" என்று கேட்டார். "ஐயனே, நான் வசிக்கவில்லை. என் நகரம் என்னை அவமதித்ததால் வெளியேறியிருக்கிறேன்," என்றார் அண்ணை, தன் பழைய ஜேர்மனில். தலைவர் விதிகளைத் தொடக்கத்திலிருந்து புரட்டினார். வெளியேற்றம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் நான் புட்டு கொண்டுபோனேன்.

"தூது ஏதும் வந்ததோ?"

"இல்லை அண்ணை."

"பரவாயில்லை. ஹான்சா ரெண்டு வருசம் இருந்தது."

"ஹான்சாவுக்கு இடுப்பு நோ இல்லை அண்ணை."

மேல்வீட்டில் ராணி அக்காவிடம் நானாகக் கேட்டபோது, "போகத் தெரிஞ்சவருக்கு வரத் தெரியும்," என்றார்.

பதினோராம் நாள் பெருமழை. குடில் ஒழுகியது. அண்ணை சரித்திரத்தைக் கைவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். அடுப்பு ஆறிக் கிடந்தது. மிக்ஸி இல்லை, இட்டலிச் சட்டி இல்லை, சாமிப் படம் இல்லை. ராணி அக்காவும் இல்லை. முந்தின நாள் காலையிலேயே அவ்வளவையும் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "எனக்கும் ஆர்டன்பேர்க் தெரியும் பிள்ளை," என்று சொல்லி, என் குசினியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

வியாபாரிகள் ஊரைவிட்டுப் போகலாம். பின்னாலேயே ஊரும் எழும்பிப் போனால் என்ன செய்வது? இதற்கு அண்ணையின் வரலாற்றில் ஆதாரம் இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட எங்கள் வாசலில் வந்து நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. மனிதர் பயந்துபோயிருந்தார்.

ராணி அக்கா குசினியிலிருந்து எனக்குச் சொல்வதுபோல் அவருக்குச் சொன்னார். "முப்பது வருசமா ஒரு நாள் என்னை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனவரோ? இப்ப ரெயின் இருக்கு, பாஸ்போட் இருக்கு. கேள் பிள்ளை!"

அண்ணை வாசல் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போய்ப் பாத்து, புத்தகத்தில இருந்த மாதிரி இல்லையெண்டா நான் என்ன செய்யிறது தங்கச்சி?" என்றார்.

குசினியிலிருந்து தீர்ப்பு வந்தது. "என்னை விட்டிட்டுப் போற அளவுக்கு அங்க என்ன கிடக்கு எண்டு என்ர கண்ணால பாக்கோணும். பாத்திட்டுத்தான் வீட்டை வாறதோ இல்லையோ எண்டு சொல்லுவன். அதுவரைக்கும் இந்த மனுசனோட கதை இல்லை."

அப்படித்தான் இரண்டு பேருக்கும் நடுவில் தூதாக நான் லீவு போட்டுக்கொண்டு ப்ரூகே போனேன். கேல்ன், பிரசல்ஸ் என்று மாறி மாறி ஏறிய எல்லா ரெயினிலும் எனக்கு நடு ஆசனம்.

"இவரைக் கேள், கட்லட் வேணுமோ எண்டு."

"ஓம் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி."

"மிளகாய் கூடிப்போச்சோ எண்டு கேள்."

"அந்த மாதிரி ருசியெண்டு சொல்லுங்கோ."

ப்ரூகேயில் இறங்கியதும் ஒரு அதிசயம் நடந்தது. அண்ணை பேசாமல் போனார். சுவர்களைத் தொட்டுக்கொண்டு நடந்தார். ஹான்சா வியாபாரிகளின் மாளிகை நின்ற இடத்தில் ஒரு துண்டுதான் மிச்சம், அதுவும் ஒரு ஹோட்டலோடு சேர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ராணி அக்கா மணிக்கூண்டைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், அன்னங்களையும் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் தீர்ப்புச் சொன்னார். "வடிவுதான். ஆனா விட்டிட்டுப் போற அளவுக்கு இல்லை." மத்தியானத்துக்குள் நாலு தடவை சொல்லிவிட்டார்.

ஒரு பாலத்தில் அண்ணை என்னை நிறுத்தினார். "கடலில இருந்து இஞ்சை வாற வாய்க்கால் மண் மூடிப் போச்சுத் தங்கச்சி. கப்பல் வர ஏலாமல் போச்சு. வியாபாரியள் அன்ட்வெர்ப்புக்குப் போட்டினம். அந்த முறை ஒருத்தரும் திரும்பி வரேல்லை." முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்த ராணி அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அத்தியாயத்தை அவர் எங்களுக்குச் சொன்னதே இல்லை.

கடைசியாக அருங்காட்சியகம். அங்கே மூன்று பலகைகளாக ஒரு பழைய ஓவியம். நடுப் பலகையில் புனிதர்கள் நிற்கிறார்கள். இடது பலகையில் அந்த ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் முழந்தாளிட்டுக் கும்பிடுகிறார், பின்னால் அவருடைய ஆண் பிள்ளைகள். வலது பலகையில் அவருடைய மனைவி, பின்னால் வரிசையாகப் பெண் பிள்ளைகள். ராணி அக்கா கிட்டப் போய் அந்தப் பெண் பிள்ளைகளை எண்ணினார். பத்துக்கு மேல் போனது. திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை.

"இவ்வளவும் பெத்த மனுசியை அந்தத் தொங்கலில விட்டிட்டு, இந்தாள் இஞ்சாலை இருந்து என்ன கும்பிடு? கோவமோ?"

இரண்டு கிழமைக்குப் பிறகு அண்ணையிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

"கோவமில்லையப்பா. கரைப் பலகை ரெண்டுக்கும் பிணைச்சல் இருக்கு, கதவு மாதிரி. விசேஷ நாளில திறக்கிறது, மற்ற நாளில மூடி வைக்கிறது. மூடினா ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில வந்திடுவினம்."

"அப்ப மூடச் சொல்லுங்கோ."

அண்ணை போனார். மூலையில் நின்ற காவலரிடம் தலை குனிந்து, "மாண்புமிகு காவலரே, என் இல்லத்தரசியின் தாழ்மையான வேண்டுகோள்," என்று தொடங்கினார். காவலர் பொறுமையாகக் கேட்டு, சிரித்து, தலையை ஆட்டினார். அண்ணை வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"ஏலாதாம்."

ராணி அக்கா இன்னொரு முறை அந்த மனைவியைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"ஏலாட்டி விடுங்கோ. நாங்கள் வீட்டை போவம்."

அண்ணைக்கு அது விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும், ஐந்நூறு வருடத்து ஜேர்மன் படித்த மனிதருக்கு வாயில் ஒரே ஒரு சொல்தான் வந்தது. "ஓம்."

அப்போதும் நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன். கோப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். எனக்கு ஒரு கோப்பி போதும். அன்றைக்கு மூன்று குடித்தேன், அவ்வளவு நேரமாவது அதுகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும் என்று.