மாப்பிள்ளை வாங்கித் தந்த வண்டியின் மூக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார், உங்கள் மனைவி, குழந்தை எல்லோரும் கை கால் முழுசாக இருக்கிறோம். வேலைக்காக வெளியூர் போயிருக்கும் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் நீங்கள் பதில் சொல்லிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் வாங்கித் தந்த காரை நான் தண்ணீர் லாரியின் பின்னால் மோதிய விவரம் உங்களுக்குத் தெரியும். மோதியது என் தவறில்லை, லாரிதான் நின்றது. அதை விடுங்கள். நான் சொல்ல வருவது வண்டியின் தரத்தைப் பற்றி. இறங்கிப் பார்த்தால் முன்பக்கம் முழுக்கக் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி மடங்கிக் கிடக்கிறது, விளக்கு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை, லாரிக்காரரோ நிதானமாக வந்து தன் வண்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நமக்கு ஒண்ணும் ஆகலைங்க, கவலைப்படாதீங்க" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போகிறார். வாழ்நாள் முழுக்க இரும்பு பீரோ செய்து விற்றவன் நடுத்தெருவில் கேட்க வேண்டிய பேச்சா இது? அது போதாதென்று ஸ்டியரிங்குக்குள்ளிருந்து ஒரு பை ஊதிக்கொண்டு வந்து என் முகத்தில் அறைந்தது. என்னைப் பெற்றவர்கள்கூட அறைந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மாமியாருக்கு மூக்குக்கண்ணாடி கொஞ்சம் கோணிக்கொண்டது, தோளில் பெல்ட் அழுத்திய தடம், அவ்வளவுதான். கதவும் கை வைத்ததும் திறந்தது, தானே இறங்கி ஓரமாக நின்றுகொண்டாள். நான் சொல்ல வந்தது அது இல்லை.

அன்று போனில் விஷயத்தைச் சொன்னபோது, இப்படி ஒரு வண்டியை வாங்கித் தந்ததற்கு வருத்தப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். "மூக்கு நசுங்கிடுச்சா? ரொம்ப நல்லது மாமா" என்றீர்கள். கல்யாணத்துக்கு முன்பு உங்கள் உத்தியோகம் என்ன என்று கேட்டதற்கு, "கம்பெனியில புதுக் காரையெல்லாம் செவுத்துல மோதிப் பாக்கறேன்" என்று நீங்கள் சொன்னதை நான் அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே நன்றாக விசாரித்திருக்க வேண்டும். "நசுங்கறதுக்குன்னே செய்யறதுதான் மாமா அது. மோதினா வண்டி நின்னுடும், உள்ள இருக்கறவங்க அதே வேகத்துல முன்னால போவாங்க. மூக்கு மடங்க மடங்க அந்த வேகம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். கண் சிமிட்டற நேரம்தான், ஆனா அதுலதான் உயிரே இருக்கு. உக்கார்ற கூடு மட்டும் மடங்கக் கூடாது, அதைக் கெட்டியா வெப்போம்" என்று விளக்கினீர்கள். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. விலைபோகாத பீரோவுக்கு நானும் இப்படித்தான் விளக்கம் சொல்வேன்.

இரும்பு என்றால் தட்டுகிற கைக்கு வலிக்க வேண்டும், மாப்பிள்ளை. வீடு மாறியபோது நம் வீட்டு பீரோ மாடிப்படியில் தலைகுப்புற உருண்டு வாசல்வரை வந்ததே, ஒரு சொட்டை உண்டா? கைப்பிடிகூட ஆடவில்லை. தெருவே கூடி நின்று பார்த்தது. உள்ளே பூட்டி வைத்திருந்த உங்கள் மாமியாரின் பீங்கான் செட் மட்டும் பொடிப்பொடியாகிவிட்டது. அது பீங்கானின் குற்றம்.

ஆகவே, ஒர்க்‌ஷாப்பில் புது மூக்கு வைத்துக்கொண்டு வந்த வண்டியை நேராகப் பட்டறைக்கு ஓட்டிப்போய், நம் பழைய வெல்டரைக் கூப்பிட்டு, இருப்பதிலேயே கனமான ஆங்கிள் இரும்பை எடுத்து முன்பக்கம் முழுக்க உள்ளே பற்றவைக்கச் சொன்னேன். "காருக்கு இது வேணுங்களா?" என்றார். "நீ வையப்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன். இப்போது தட்டினால் பீரோ சத்தம் வருகிறது. சோதனைக்காகப் பட்டறைச் சுவரில் மெதுவாக ஒரு முட்டு முட்டினேன். சுவர் விரிசல் விட்டது, வண்டியில் ஒரு கீறல் இல்லை. என் பல்செட் மட்டும் கழன்று முன்கண்ணாடிவரை போய் மடியில் விழுந்தது. அது பல்செட் செய்தவரின் குற்றம். இவ்வளவும் செய்து வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், உங்கள் மனைவி பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல நானும் ஏற மாட்டேன், பாப்பாவையும் ஏத்த மாட்டேன். அவர் சரின்னு சொன்னா அப்புறம் பாக்கலாம்" என்கிறாள். குழந்தை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறது. ஜன்னல் வழியாக எனக்குக் கையாட்டுகிறது, நான் சாவியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். பெற்ற பெண்ணே அப்பாவின் இரும்பை நம்பவில்லை என்பதில் எனக்கு மனசு ஆறவில்லை. பேத்தியை என் கையால் பத்திரமாகக் கொண்டுபோய் விட வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டாம். நீங்கள் அவளிடம் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரியவன் கேட்கிறேன், விட்டுக்கொடுங்கள்.

போகிற இடமெல்லாம் உங்களுக்கு நல்ல பெயரும், வீடு திரும்பும் வழியெல்லாம் நல்ல துணையும் கிடைக்க மனமார வாழ்த்தும்,
தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதை உங்கள் மாமியாரிடம் கொடுத்தேன். நான் எழுதுவதில் பிழை பார்ப்பது அவள் வழக்கம். படித்துக்கொண்டே வந்தவள் பீரோ உருண்ட இடத்தில் விரலை வைத்து நிறுத்திவிட்டாள். என்ன பிழை என்று எட்டிப் பார்த்தேன். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பீரோவுக்கு ஒண்ணும் ஆகலை, உள்ள இருந்தது பொடியாச்சு" என்றாள். அப்புறம், "இந்த வண்டியில பீங்கான் யாருங்க?" என்று கேட்டாள். சண்டைக் குரலில் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள், கேட்டபோது கை தானாகத் தோளைத் தடவிக்கொண்டிருந்தது. நான் நேராகப் போய் வெல்டருக்குப் போன் போட்டேன், மாப்பிள்ளை. வெல்டர் இப்போது வாசலில் ஆங்கிளை அறுத்துக்கொண்டிருக்கிறார். அறுத்த இடமெல்லாம் ஒழுங்காக மடங்குமா என்று நீங்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை குழந்தை பஸ்ஸிலேயே போகட்டும். மேலே கெஞ்சிக் கேட்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.