கிழக்கு பார்த்த கணினி

பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளை நல்லவனாக நடித்துவிடலாம். பெண்வீட்டார் மாப்பிள்ளையின் ஆபீசைப் பார்க்க வந்தால்தான் சிக்கல். கூட நடிக்கக் கணினிகளையும் பழக்க வேண்டும்.

தொண்ணூறுகளில், மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில், வெள்ளக் கணக்குப் போடும் ஓர் ஆபீசில் இருந்தேன். மழை பெய்தால் தண்ணீர் எங்கே ஏறும் என்று பல கணினிகள் கூட்டாகக் கணக்குப் போடும். ஒன்றின் விடை வயர் வழியாக அடுத்ததற்குப் போகும். எது எந்த வயரில் போகவேண்டும் என்ற வழிப்பட்டியல் ஒவ்வொரு கணினியிலும் உண்டு. அந்த வயர்களுக்கு நான் பொறுப்பு. (பெண்வீட்டாரிடம் ‘நெட்வொர்க் எஞ்சினியர்’ என்று சொல்லியிருந்தோம். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை என்ற பகுதியை அம்மா விழுங்கிவிட்டார்.)

ஆயுத பூஜையன்று கிள்ளானிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். லோரி பட்டறை முதலாளி. கணினிகளின் சந்தனப் பொட்டைப் பார்த்துப் பூரித்தவர், தலைமைக் கணினியின் முன் முகம் சுளித்தார்.

“தம்பி, இது தெற்க பார்க்குதே. கிழக்க திருப்பணும்லா. பூஜை நேரத்துல மெஷின் ஓடலாமா? எங்க பட்டறையில எல்லாத்தையும் நிறுத்திடுவோம்.”

பாஸ் மணியத்தின் கணக்கு பல நாளாக ஓடுகிறது, நிறுத்த முடியாது, ஆனால் திருப்புவது எனக்குச் சாதாரணம் என்றேன்.

திருப்பினேன். வயர் எட்டவில்லை. பிடுங்கி, எட்டிய வேறொரு கணினியில் செருகினேன். வழி மாறிவிட்டதல்லவா? முறைப்படி, புது விடைகள் கிளம்பாமல் நிறுத்தி, கிளம்பியவை போய்ச் சேரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் பட்டியல்களை மாற்ற வேண்டும். வருங்கால மாமனார் சூடத்தட்டோடு நிற்கும்போது எவன் காத்திருப்பான்? ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கணினியாக மாற்றிக்கொண்டு போனேன்.

பாதிக் கணினிகளுக்குப் புது வழி, மீதிக்குப் பழைய வழி. பிரிக்பீல்ட்ஸில் ஒருவழிப் பாதையைத் திருப்பிவிட்டு, பாதி டிரைவர்களுக்கு மட்டும் சொன்னால் எப்படியிருக்கும்? ‘நீ நகர்ந்தால் நான் நகர்கிறேன்’ என்று விடைகள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டன. மினுங்கிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அசையாமல் நின்றன.

வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“பாத்தீங்களா, முடியாதுன்னு சொன்ன பையன் என் ஒரு வார்த்தைக்காக நிறுத்திட்டாரு” என்று குரல் கேட்டது. திறந்து பார்த்தால், மாமனார் கணினிகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். “பெரியவங்க பேச்சுக்கு என்னா மரியாதை.”

பூஜைக்கு வந்து நின்ற பாஸ் மணியம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாயில்தான் என் கல்யாணம் இருந்தது.

“ஆமாண்ணே. இவ்வளவையும் ஒரே நேரத்துல நிறுத்த இந்த ஆபீசுல வேற யாராலயும் முடியாதுலா.”

கணக்கை முதலிலிருந்து ஓட்டினார்கள். என் சோதனைக் காலத்தையும் முதலிலிருந்து ஓட்டினார்கள். கல்யாணம் மட்டும் தை மாதமே நடந்தது.

மாமனார் இன்றும் அந்த மரியாதைக் கதையை உறவினர்களிடம் சொல்கிறார். உண்மை தெரிந்த என் மனைவி வாயே திறப்பதில்லை. ஆனால், வீட்டில் நான் சோபாவைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்: “எல்லாரும் நில்லுங்க. அப்பா வழியை மாத்தறாரு.”

பிள்ளைகள் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்பார்கள், கைகளைக் கூப்பிக்கொண்டு.