பானெட்டில் காது வைத்த ஞானி

ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய கார் விற்கும் அந்த மைதானத்தின் வாசலில் கூட்டம் முட்டி மோதியது. வாங்க வந்தவர்கள், வாங்கிவிட்டு வந்தவர்கள், வாங்கியதால் நொந்து வந்தவர்கள் என மூன்று வகை. மூன்றாம் வகையினர்தான் வரிசையில் முன்னால் நின்றார்கள். அடிபட்டவர்களுக்குத்தான் அவசரம்.

மைதானத்தின் நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதன் கீழே, பளபளக்கும் வெள்ளை மெக்கானிக் உடுப்பில் ஒருவர். அந்த உடுப்பில் கிரீஸ் கறை ஒரு பொட்டுகூட இல்லை. ஆசாமி வாழ்நாளில் ஸ்பேனரைத் தொட்டதில்லை என்பதை உடுப்பே சொல்லியது. ஆனால் உடுப்பு சொல்வதை யார் கேட்கிறார்கள்? கார் சொல்வதைக் கேட்கத்தானே வந்திருக்கிறார்கள்!

ஆமாம், கார் பேசும். அவரிடம் மட்டும். அவருக்கு 'இஞ்சின் ஞானி' என்று பெயர். இடது காதை பானெட்டின் மேல் வைப்பார். கண்ணை மூடுவார். "ம்... அப்படியா செல்லம்?" என்பார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"இந்த வண்டியை முன்னாடி ஒரு குண்டு மனுஷன் ஓட்டியிருக்காரு. சீட்டு அழுவுது."

"ஐயோ, எங்க மாமனாருதாங்க!" என்று வண்டிக்காரர் விழுந்து கும்பிடுவார். அரை மணி நேரத்துக்கு முன்பு வரிசையில் நின்றபோது, இதே மாமனாரைப் பற்றி இதே வாயால், வரிசையில் ஒவ்வொருவராக விசாரித்துத் திரியும் மைதானத் தரகரிடம் வண்டி வண்டியாகப் புலம்பியது அவருக்கு நினைவுக்கு வராது. பக்திக்கு முதல் தேவை நல்ல மறதி.

எல்லா வண்டியும் ஞானியிடம் பேசிவிடாது. 'நோர்வா' மட்டும்தான் பேசும். நோர்வா கம்பெனி ஒரு காலத்தில் சின்ன எஸ்.யூ.வி. செய்து விற்றது. பார்க்க ஜீப் மாதிரி மிடுக்கு. நிறுத்தச் சின்ன இடம் போதும். நல்ல வண்டிதான். கம்பெனிதான் படுத்துவிட்டது. இப்போது அந்தத் தொழிற்சாலையில் மெத்தை தைக்கிறார்கள்.

கம்பெனி போனதும் விலை சரிந்தது. பாதி விலையில் எஸ்.யூ.வி. என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், "ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?" என்று ஒரு கேள்வி இருக்கிறதே. புத்தியுள்ளவன் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவான். ஞானி அந்தக் கேள்வியையே ஒழித்துவிட்டார்.

"பெத்த கம்பெனி செத்துப்போச்சு. வண்டி அநாதை ஆயிடுச்சு. ஏக்கத்துலதான் கிளட்ச் தேயுது, ஏக்கத்துலதான் ரேடியேட்டர் ஒழுகுது. நான் தத்தெடுத்துட்டா ஏக்கம் தீந்துடும். ஏக்கம் தீந்தா எந்த பார்ட்ஸும் தேயாது!"

தத்தெடுத்ததற்கு அடையாளமாக, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு நீல வில்லையை ஒட்டுவார். அதன் பெயர் 'உதிரி விலக்கு வில்லை'. அது ஷாம்பு பாட்டில் மூடியின் அளவில் இருக்கும். ஷாம்பு வாசனையும் லேசாக அடிக்கும். அதைத் தெய்வீக மணம் என்றார்கள்.

இந்த வில்லையை ஒட்டிக்கொண்டவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அம்மா. சாதாரணப் பெண்மணி இல்லை. கள்ள நோட்டை விரல் நுனியில் கண்டுபிடித்தவர். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே பிடித்தவர். "உள்ள போ, உள்ள போ" என்று அவர் கத்தினால், எதிரே போகும் பஸ்ஸில் இருப்பவர்களும் உள்ளே போவார்கள். உலகத்தில் எல்லாரிடமும் டிக்கெட் கேட்டவர், ஞானியிடம் மட்டும் கேட்க மறந்துவிட்டார்.

ஓய்வுப் பணத்தில் ஒரு சிவப்பு நோர்வா வாங்கினார். "ஆயில் மாத்தாதீங்க. தத்துப் பிள்ளையைச் சந்தேகப்படக் கூடாது" என்று ஞானி சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். வண்டியும் ஓடியது. பிறகு முனகியது. பிறகு இருமியது. ஒருநாள் ஆற்றுப் பாலத்தின் நடுவில் கடகடவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு இஞ்சின் இறுகி நின்றுபோனது. இருபக்கமும் வண்டிகள் தேங்கி, ஊரே ஹாரன் அடித்தது. படிக்கட்டை மறைத்து நின்றவர்களைக் காலமெல்லாம் திட்டித் தீர்த்தவர், அன்று ஒரு பாலத்தையே மறைத்துக்கொண்டு நின்றார்.

பட்டறைக்காரர் இஞ்சினைப் பார்த்து வாயைப் பிளந்தார். "அம்மா, உள்ள ஆயில் இல்ல. தார்தான் இருக்கு."

கண்டக்டர் அம்மாவோ வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? "தப்பு என் மேலதான். பாலத்துல ஏறும்போது மனசுல லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு. வண்டிக்கு அது புரிஞ்சிருச்சு!"

இதைக் கேட்டு அவருடைய மகனாவது திருந்தினாரா? அவர் திரைச்சீலை தைப்பவர். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, தைத்து, கம்பி அடித்து மாட்டித் தருபவர். நீளக் கம்பிகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பலபேர் கண்ணைக் குத்தப் பார்த்தவர். அவருக்கு அதே மைதானத்தில் நின்ற வானநீல நோர்வாவின் மேல் கண். அடுத்த ஞாயிறு தத்து, உடனே சாவி என்று பேசி முடித்துவிட்டார்.

மருமகள் மட்டும் அந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பிரேக்கை மிதித்தாள். வண்டி யோசித்தது. இன்னும் அழுத்தி மிதித்தாள். சாவகாசமாக, ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"பிரேக்கே பிடிக்கல" என்றாள் தரகரிடம்.

"அதெல்லாம் தத்தெடுத்ததும் சரியாயிடும்மா. பாசம் வந்துட்டா சொன்ன பேச்சு கேக்கும்" என்றார் தரகர், விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே.

மருமகளின் வேலை, மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது. காதைக் கண்டால் அவள் பார்வை தானாகப் போகும். அன்று ஞானியின் காதையும் பார்த்தாள். இடது காது பானெட்டில். சும்மா இருக்க வேண்டிய வலது காதுக்குள், தோல் நிறத்தில், பயற்றம்பருப்பு அளவுக்கு ஏதோ ஒன்று. தினமும் அவள் கையாளும் சமாச்சாரம்தான்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள்.

"என்னங்க, அந்த ஆளு காதுல மெஷின் வச்சிருக்கார்."

"பாவம், காது மந்தமா இருக்கும்."

"காது மந்தமானவருக்கா கார் பேசுறது கேக்குது?"

தையல்காரர் தட்டைப் பார்த்தார். "நீ எதையும் நம்ப மாட்ட."

"நான் நம்பறது இருக்கட்டும். அந்த வண்டி நிக்கவே மாட்டேங்குது. அதுல நீங்களும் அத்தையும் நானும் போகப்போறோம். ஷாம்பு மூடியைப் பாத்து லாரிக்காரன் ஒதுங்கிப் போவானா?"

"அம்மாவே நம்புறாங்க. அம்மாவை யாராவது ஏமாத்த முடியுமா?"

அறிவாளி ஏமாந்தால் அதோடு போவதில்லை. தன் அறிவையும் ஏமாற்றுக்காரனுக்கு விளம்பரமாகக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

மறுநாள் அவள் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் இஞ்சினைக் கழற்றி வெளியே வைத்திருந்தார். அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. பட்டறைக்காரரிடம் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார்.

இஞ்சின் இல்லாத வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அல்லவா? அதனால் காலி இடத்தில் பலகை போட்டு மணல் மூட்டைகளை அடுக்கினார். பானெட்டை மூடினார். சிவப்பு நோர்வா லட்சணமாக நின்றது.

"அத்தை, உங்க வண்டியை ஞாயித்துக்கிழமை ஞானிகிட்ட காட்டிட்டு வந்துடலாமா? அவர் பாக்குற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம். கட்டி இழுத்துட்டே போலாம்" என்றாள்.

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "இப்பதாம்மா உனக்குப் புத்தி வந்திருக்கு! இஞ்சினைச் சரிபண்ணிட்டாங்களா?"

"பட்டறைக்காரர் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டாரு அத்தை." இது பொய் இல்லை.

ஞாயிறு வந்தது. சிவப்பு நோர்வாவை ஒரு வண்டி இழுத்துவந்து வரிசையில் விட்டது. தரகர் வழக்கம்போல் வாஞ்சையாக வந்தார். "என்னம்மா ஆச்சு வண்டிக்கு?"

"அத ஏன் கேக்குறீங்க! பாலத்துல நின்னு மானம் போச்சு. இப்ப புது பிஸ்டன் எல்லாம் போட்டு இஞ்சினைப் புதுசாக்கிட்டாங்க" என்றார் கண்டக்டர் அம்மா. பிஸ்டன் அவருடைய சொந்தக் கற்பனை. பேச்சு சுவையாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

தரகர் தலையாட்டினார். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போனார். சட்டைக் காலருடன் ஏதோ பேசினார்.

சிவப்பு நோர்வாவின் முறை வந்தது. ஞானி பானெட்டில் காதை வைத்தார். "ஆஹா! 'அம்மா, நான் பொழைச்சுக்கிட்டேன்'ங்குது. புது பிஸ்டன் போட்டாங்களாம். இளங்காளை மாதிரி துடிக்குது!"

மாமியார் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாம்மா? நான் இவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல!"

மருமகள் முன்னால் வந்தாள். "ஐயா, இஞ்சின் துடிக்கிறது உங்களுக்கு நல்லா கேக்குதுங்களா?"

"தெளிவா."

"லேசாவா, பலமாவா?"

"பலமா!"

"வலது பக்கமா, இடது பக்கமா?"

"நட்ட நடுவுல!"

காது சோதிக்க வருபவர்களிடம் அவள் தினமும் கேட்கும் கேள்விகள்தான். சத்தமே கொடுக்காமல் கேட்டாலும், "கேக்குது, கேக்குது" என்று விரல் தூக்குபவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

"அப்ப எல்லாரும் பாக்கட்டும்" என்று பானெட்டைத் தூக்கினாள்.

உள்ளே இஞ்சின் இல்லை. மணல் மூட்டை இருந்தது. மூட்டையின் மேல், பட்டறையிலிருந்து டிக்கெட் இல்லாமல் பயணம் செய்து வந்த ஒரு பூனை மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தது. கூட்டத்தைப் பார்த்து, கதவைத் தட்டாமல் வந்த விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல் முறைத்தது. பூனை இருப்பது மருமகளுக்கே தெரியாது.

மைதானமே எட்டிப் பார்த்தது. மருமகள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். பாவம், கூட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரியவில்லை.

"துடிக்குதுன்னாரே... பூனைதான் துடிக்குது!" என்றது ஒரு குரல்.

"உள்ள உயிர் இருக்குன்னுதானே சொன்னாரு? இருக்கே!" என்றது இன்னொன்று.

ஞானி வலது காதை விரலால் அழுத்திக்கொண்டார். ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு இரு கைகளையும் உயர்த்தினார். "இஞ்சின்... பூனையா உருவம் எடுத்திருக்கு!"

கைதட்டல் வானைப் பிளந்தது. ஒருவர் பூனையின் காலைத் தொட்டு வணங்கப் போய்ப் பிறாண்டு வாங்கினார். தையல்காரர்கூடக் கையை உயர்த்திவிட்டு, மனைவி முகத்தைப் பார்த்துத் தலையைச் சொறிவதுபோல் சமாளித்தார். மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்டக்டர் அம்மா மட்டும் கைதட்டவில்லை. காலி இடத்தைப் பார்த்தார். ஞானியைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பஸ்ஸில் தலை எண்ணிக்கைக்கும் டிக்கெட்டுக்கும் ஒத்துவராதபோது சுருங்கும் அதே நெற்றி.

"பூனைக்கு எதுக்குங்க பிஸ்டன்?" என்றார்.

ஞானி விழித்தார்.

"புது பிஸ்டன்னு சொன்னீங்களே. அதை நான்தான் அடிச்சுவிட்டேன். அதுவும் உங்ககிட்ட இல்ல, தரகர்கிட்ட. என் புளுகு உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"அத்தை, வலது காது!" என்றாள் மருமகள்.

அடுத்த கணம், படியில் தொங்கியவர்களைச் சட்டையோடு உள்ளே இழுத்த அந்தக் கை ஞானியின் காதுக்குப் போனது. பருப்பு வெளியே வந்தது. கண்டக்டர் அம்மா அதைத் தன் காதில் வைத்தார். முகம் மாறியது.

"என்னம்மா சொல்லுது?" என்றது கூட்டம்.

பஸ் நிறுத்தத்தைக் கூவும் குரலில் அவர் அறிவித்தார்: "'குட்டி எத்தனைன்னு எண்ணு, அத்தனை சிலிண்டர்னு சமாளி'ங்குது!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"'ஏன்டா வாயைத் திறக்க மாட்டேங்குற? அந்தக் கெழவி என்ன பண்றா?'ன்னு கேக்குது!"

பிறகு தண்ணீர் டிரம் இருந்த திசையில் திரும்பி, நுரையீரலில் இருந்த காற்று முழுவதையும் சேர்த்துக் கத்தினார். "கெழவி கேட்டுக்கிட்டு இருக்காடா!"

டிரம்முக்குப் பின்னாலிருந்து தரகர் துள்ளி எழுந்தார். ஓடிப்போய், கைக்குக் கிடைத்த வானநீல நோர்வாவில் ஏறிக் கிளப்பினார். வாசலில் பட்டறைக்காரரின் இழுவை வண்டி குறுக்கே நின்றது. தரகர் பிரேக்கை மிதித்தார். நீல வண்டி யோசித்தது. நன்றாக யோசித்து முடிப்பதற்குள் பழைய டயர் குவியலுக்குள் போய்ப் பாதி புதைந்துவிட்டது. அடி ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து தலையை நீட்டியதும் கழுத்தில் ஒரு டயர் மாலையாக விழுந்தது, அவ்வளவுதான்.

தையல்காரர் அந்த வண்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "நான் மிதிச்சிருக்க வேண்டிய பிரேக்" என்றார்.

"விடுங்க. அடுத்த வண்டியைப் பட்டறைக்காரரோட போய்ப் பாப்போம்" என்றாள் அவள்.

அப்படித்தான் செய்தார்கள். வாங்கியதும் நோர்வாதான்! வண்டி என்ன பாவம் செய்தது? அடியில் படுத்துப் பார்த்தார்கள், ஆயிலைத் தொட்டுப் பார்த்தார்கள், பார்ட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார்கள், பிரேக்கை மாற்றிய பிறகே ஓட்டினார்கள். விபத்தில் நசுங்கிய இன்னொரு நோர்வாவின் இஞ்சின் மாமியாரின் சிவப்பு வண்டிக்குப் பொருந்தியது. ஞானியும் தரகரும் போலீஸ் ஜீப்பில் போனார்கள். அந்த ஜீப் அவர்களிடம் எதுவும் பேசியதாகத் தகவல் இல்லை.

இதோடு ஊர் திருந்திவிட்டது என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்த மைதானம் இருக்கும் தெருக்கோடியில் போன வாரத்திலிருந்து ஒரு புதுப் பலகை தொங்குகிறது: 'டயரை முகர்ந்து வருங்காலம் சொல்லப்படும்.' வரிசை இப்போதே திருப்பம் வரை நிற்கிறது. முகர்பவருக்கு மூக்கடைப்பு என்று அதே வரிசையிலேயே பேசிக்கொள்கிறார்கள்; ஆனாலும் நிற்கிறார்கள்.

நில்லுங்கள், உங்கள் கால், உங்கள் இஷ்டம். ஆனால் முறை வரும்வரை சும்மா நிற்கிற நேரத்தில், உங்கள் தலைக்குள்ளும் மணல் மூட்டை இல்லையே என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.