கோலா தெர்லா டம்ப்ளிங்கும் சம்பந்தி வீட்டார் நனைத்த கையும்

பேரன்புக்குரிய அக்கா நவமணி அவர்கள் சமூகத்துக்கு,

மலை மேலுள்ள பிரிஞ்சாங்கிலிருந்து உங்கள் தம்பி, தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ராதாகிருஷ்ணன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி திலகாவும் மகள் விக்னேஸ்வரியும் நலம். மழையும் நலமாகவே பெய்துகொண்டிருக்கிறது. அத்தானின் சர்க்கரையும் உங்கள் முழங்காலும் கிள்ளானில் எப்படி இருக்கின்றன என்று ஒரு வரி தெரிவிக்கவும். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அதில் அனுப்பினால் அடுத்த நிமிடமே குடும்பக் குழுவில் ஏற்றிவிடுவீர்கள். தவிரவும் இது ஒரு வழக்கு. வழக்கை எழுத்தில் வைப்பதுதான் முறை.

நீங்கள் சொன்ன ஈப்போ சம்பந்தம் சனிக்கிழமை பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளை தர்மா, அவருடைய அப்பா மகேஸ்வரன், மகேஸ்வரனின் தங்கை துளசி, அப்புறம் வேன் கொண்ட மட்டும் உறவுக்காரர்கள். திலகா விடியற்காலையில் எழுந்து உளுந்து வடையும் கேசரியும் செய்து வைத்திருந்தாள். மகேஸ்வரன் உட்காரும்போதே கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "ஒண்ணும் வேணாம் லா. எங்க பக்கம் பதில் சொன்ன பெறகுதான் பொண்ணு வீட்டுல கை நனைக்கிறது. நனைச்சிட்டா சரின்னு சொன்ன மாதிரி ஆயிரும்." எனக்கும் இந்த வழக்கம் தெரியும் அக்கா, நமக்கும் அதுதானே. ஆனால் நம் ஆட்கள் ஒரு வாய் தேத்தண்ணியாவது குடிப்பார்கள். இவர் இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரையும் மறுத்துவிட்டு, வடைத் தட்டை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தட்டில் இரண்டு வடை குறைந்திருக்க வேண்டும். துளசி அம்மாள் மூக்கால் நெய் வாசத்தை இழுத்துக்கொண்டே, "பிள்ளை என்ன வேல பாக்குது?" என்று கேட்டார். "உணவுத் துறையில் நிர்வாகம்" என்றேன். நான் அந்த வாக்கியத்தை எவ்வளவு பாடுபட்டுத் தயாரித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். டிப்ளோமா படித்த என் மகள் கோலா தெர்லாவில், சாலையோரத்து மேய் லிங் கடையில், மீ நூடுல்ஸ் அவித்து, டம்ப்ளிங் மடித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு கிராணி எப்படிச் சொல்வான்? டம்ப்ளிங் என்றால் வேறொன்றுமில்லை, நம் கொழுக்கட்டைக்குச் சீனத்தில் இருக்கிற பெரியப்பா மகன். உள்ளே தேங்காய்க்குப் பதில் கோழிக்கறி, அவ்வளவுதான். மகேஸ்வரன் தலையாட்டிவிட்டு, "எந்த நிர்வாகமும் கல்யாணம் வரைக்கும்தான். பெறகு வீடுதான்" என்றார். நான் சிரித்து வைத்தேன். முப்பதைத் தொடப் போகும் மகளை வைத்திருக்கும் தகப்பன் வாயை மூடிக்கொள்ளத்தான் பழக வேண்டும்.

போய்ப் பதில் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். கம்போங் ராஜா சந்திப்பு வரை போய் வழியனுப்புவது மரியாதை என்று நானும் திலகாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வேனுக்குப் பின்னாலேயே போனேன். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. கோலா தெர்லாவுக்குச் சற்று முன்னால் ஒரு லோரி சாய்ந்து, சாலை முழுக்க முட்டைக்கோஸ் உருண்டு கிடந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. வேன் போய் நின்ற இடம் எது என்று நினைக்கிறீர்கள்? சரியாக மேய் லிங் கடை வாசல். ஆவி பறக்கிற மூங்கில் தட்டுகளை அடுக்கடுக்காக வாசலிலேயே வைத்திருக்கிறாள் பாவி. காலையிலிருந்து வாயில் பச்சைத் தண்ணீர் படாத கூட்டம், கதவைத் திறந்துகொண்டு இறங்கியது. நான் ஓடிப்போய், "இன்னும் கொஞ்சம் போனா தாஜுதீன் பாய் கடையில நாசி கண்டார் சோறு நல்லா இருக்கும்" என்றேன். "எப்படிப் போறது, கோஸ் மேல ஏறியா?" என்றார் மகேஸ்வரன். பிறகு ஒரு நீதிபதியைப் போலத் தொண்டையைச் செருமி, "கடைச் சாப்பாடு கணக்குல சேராது. நாங்க தனியா ஆர்டர் பண்றோம், நாங்களே காசு குடுக்குறோம். நீங்க வேற மேசை" என்றார். விக்னேஸ்வரியிடம் காரைவிட்டு இறங்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வேற மேசைக்கு எங்கே போவது? சாலையில் மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு வட்ட மேசை, நடுவில் சுற்றும் கண்ணாடித் தட்டோடு. அதில்தான் எல்லோரும் உட்கார்ந்தோம். திலகா பசி தாங்காமல் ஒரு மீ சொன்னாள். அது எங்கள் பக்கத்துச் சாப்பாடு. தட்டு சுற்றி அது தங்கள் பக்கம் வந்துவிட்டால் கை நனைத்த கதையாகிவிடும் என்று மகேஸ்வரன் இடது கையால் கண்ணாடித் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டார். அந்தப் பக்கம் சில்லிச் சாறு வேண்டுமென்று துளசி அம்மாள் தட்டை இழுக்கிறார், இந்தப் பக்கம் அண்ணன் விடமாட்டேன் என்கிறார். மாப்பிள்ளை தர்மா எழுந்து நடந்து வந்து சில்லிச் சாற்றை எடுத்துப் போனார். அந்தக் குடும்பத்தில் நடந்த புத்தியுள்ள ஒரே காரியம் அதுதான். துளசி அம்மாளுக்குச் சாப்ஸ்டிக் பிடிபடவில்லை. இரண்டு முறை டம்ப்ளிங் மடியில் விழுந்ததும் குச்சிகளை ஓரமாக வைத்துவிட்டு ஐந்து விரலாலும் இறங்கிவிட்டார். மணிக்கட்டு வரை சாறு வழிந்தது. இதை நன்றாக நினைவில் வையுங்கள், வழக்குக்கு வேண்டும்.

சாப்பிடச் சாப்பிட அவர்கள் முகம் மலர்ந்தது. "மடிப்பு பாத்தியா, ஒண்ணு மாதிரியே ஒண்ணு. இப்படிக் கைப்பக்குவம் இருக்கிற மருமக வந்தா நீ குடுத்து வச்சவன் அண்ணே" என்றார் துளசி அம்மாள். மகேஸ்வரன் ஒரு முழு டம்ப்ளிங்கை வாயில் போட்டுக்கொண்டு, அந்த வழியாக வந்த மேய் லிங்கிடம் யார் செய்தது என்று கையால் கேட்டார். மேய் லிங் நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். தமிழில் நம்மை விற்றுவிடுவாள். "எல்லாம் விக்கி மடிச்சதுதான். காலம்பறவே வந்து மடிச்சு வச்சிட்டுப் போயிட்டா, இன்னிக்கு அவளைப் பொண்ணு பாக்க வர்றாங்களாம்" என்றவள், சன்னல் வழியாகக் காரில் பட்டுச்சேலையோடு இருந்தவளைப் பார்த்துவிட்டாள். "அதோ இருக்காளே. ஏன் வெளியில உக்கார வச்சிருக்கீங்க? கடையில பாதி அவளுது."

பாதிக் கடை அவளுடையது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மகேஸ்வரனின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னத்துக்குள் டம்ப்ளிங் அப்படியே நின்றது. விழுங்கினால் பெண் வீட்டில் கை நனைத்ததாகிவிடும், துப்பினால் பெண்ணை அவமானப்படுத்தியதாகிவிடும். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கடைசியில் விழுங்கினார் அக்கா. நானே பார்த்தேன். எனக்கு வெட்கத்தில் மேசைக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் சிரிப்பு வந்தது. அவர் காசை நீட்டினார். மேய் லிங், "சம்பந்தி ஆளுங்ககிட்ட காசு வாங்குனா நல்லாவா இருக்கும்?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இதற்கிடையில் தர்மா ஒரு கிண்ணம் மீ வாங்கிக் குடையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனார். விக்னேஸ்வரி கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், ஆனால் சாப்பிடவில்லை. வெட்கம் போலும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஈப்போவிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. தூது விட்டுப் பார்த்ததில், கடையில் சாப்பிட்டது கணக்கில்லை, சாப்ஸ்டிக்கில் சாப்பிட்டால் கை நனையாது, மருமகள் கடையில் மாவு பிசைபவளா என்று ஏதேதோ பேசுகிறார்களாம். இந்தத் தம்பிக்காக உடனே ஈப்போவுக்குப் புறப்படுங்கள். உணவு பெண்ணின் கையால் ஆனது, இடம் பெண்ணின் இடம், காசு வாங்கப்படவில்லை, துளசி அம்மாள் கை மணிக்கட்டு வரை நனைந்தது. அவர்கள் வழக்கப்படியே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று கறாராகச் சொல்லிவிட்டு வாருங்கள். இவ்வளவு நாள் எந்த டம்ப்ளிங்கை மறைத்தேனோ அதுவே இன்று என் சாட்சி.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாம் வல்ல முருகன் உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
ராதாகிருஷ்ணன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுகிற நேரத்தில் மகேஸ்வரனே போன் செய்தார். சாப்பிட்டது சாப்பிட்டதுதானாம், சம்மதமாம், கடையும் நடக்கட்டுமாம். மகன் மூன்று நாளாக வீட்டில் சாப்பிடவில்லையாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் விக்னேஸ்வரியிடம் சொன்னேன். அவள் நிதானமாக, "அவங்க கை நனைச்சாங்க, சரி. நான் இன்னும் நனைக்கலையே அப்பா" என்றாள். அந்த மீ கிண்ணம் ஏன் அப்படியே திரும்பியது என்று இப்போதுதான் புரிகிறது. வரும் ஞாயிறு நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க ஈப்போ போகிறோம். அவள் பதில் சொல்லும்வரை எங்களில் யாரும் அங்கே பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது உத்தரவு. தர்மாவும் சரி என்றுவிட்டாராம். துளசி அம்மாள் அன்றைக்கு ஆட்டுக்கறி சமைக்கிறாராம். அக்கா, நீங்களும் வாருங்கள். வரும்போது கைப்பையில் எனக்கு மட்டும் நாலு இட்லி கட்டிக்கொண்டு வரவும்.