உள்விளிம்பில் ஒரு கீறல்

கடைசல்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். பட்டறை வாசலில் இருந்த காட்சிப் பெட்டியில் ஒரு பம்பு உருளை. சொரசொரப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழே ஒரு சீட்டு: '3டி பிரிண்டர் தயாரிப்பு.'

அவருக்கு வயிறு எரிந்தது. உலோகத் தூளைக் கொட்டினால் அந்த எந்திரம் அடுக்கடுக்காக உருக்கி முழு உருளையையே கொடுத்துவிடுமாம். வார்ப்பு வேண்டாம், கடைசல் வேண்டாம் என்றால், இருபத்திரண்டு வருஷமாக லேத்தில் நிற்கும் அவரும் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அது வந்திறங்கிய அன்றே, "அந்த மெஷின் பெத்ததை என் லேத் தொடாது" என்று முதலாளி முன்னால் சபதம் போட்டிருந்தார்.

வேலையில் வீம்பு ஏறியது. கொஞ்ச நாளாக அவருக்கு வந்த வார்ப்புகளோ படு மட்டம். மேலெல்லாம் மணல் மணலாக இருந்தன. வார்ப்படக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே பளபளவென்று கடைந்து அனுப்பினார். மறுநாள் பெட்டியில் வைத்திருந்த புது உருளையும் பளபளத்தது.

சந்தேகம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து அளந்து பார்த்தார். அவருடைய அளவேதான், முடியளவும் பிசகவில்லை.

"யாரோ என் வேலையைப் பாத்து அதுக்குச் சொல்லிக் குடுக்கிறாங்க," என்றார் மனைவியிடம்.

"உங்களை மாதிரியே குறட்டையும் விடுதா?"

அவர் சிரிக்கவில்லை. பட்டறைக் கூரையில் கேமரா தேடினார். லேத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இன்னும் நேர்த்தியாகக் கடைந்தார். பெட்டி உருளையும் இன்னும் நேர்த்தியானது. வந்தவர்கள் எல்லாம் எந்திரத்தைப் புகழ்ந்தார்கள். இன்னொன்று வாங்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

கடைசியில் பொறி வைத்தார். ஓர் உருளையின் உள்விளிம்பில் வேண்டுமென்றே மெல்லிய கீறல் போட்டு அனுப்பினார். இரண்டாம் நாள், பெட்டி உருளையில் அதே இடத்தில் அதே கீறல்.

அவருக்கு அழுகையே வந்தது. தப்பைக்கூட விட்டுவைக்காத எந்திரத்தோடு மனுஷன் எப்படி மல்லுக்கட்டுவான்? ராஜினாமாக் கடிதம் எழுதினார். முதலாளி வெளியே போயிருந்ததால் ஸ்டோர்க்கார அம்மாவிடம் நீட்டினார்.

அந்தம்மா படித்துவிட்டு, மேஜைக்கடியில் சொரசொரப்பான உருளைகள் நிறைந்து கிடந்த ஒரு பெட்டியைக் காலால் இழுத்துக் காட்டினாள்.

"நீங்க போயிட்டா இதையெல்லாம் யாருண்ணே கடையறது? நீங்க சபதம் போட்டீங்கன்னுதான் இதை உங்ககிட்ட வார்ப்புன்னு சொல்லிக் குடுக்கச் சொன்னாரு முதலாளி. அந்த மெஷின்லேருந்து எல்லாமே இப்படி மணல் மணலாத்தாண்ணே வருது."