புதுசு கொடுத்துப் பழசு வாங்கியவன்

புது வேட்டியைக் கொடுத்துக் கிழிசல் வேட்டியை வாங்கிக்கொண்டு, லாபம் லாபம் என்று துள்ளிக் குதிக்கக்கூடிய மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான் பிறந்திருக்கிறான். அவனோடு ஓசூரில் ஒரே அறையில் ஒன்றரை வருஷம் குடியிருந்தேன். போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கடைத்தெருவில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவன் 'பழந்துணி'.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான். வேலை என்றால் ஒரே வேலை, பாரஸ்ட் கார்டு. அதற்கு நடைப் பரீட்சை உண்டு. ஜவளகிரிக் காட்டுப் பாதையில் எட்டு மைல் போய் எட்டு மைல் திரும்ப வேண்டும், நாலு மணி நேரம், ஓடினால் தள்ளிவிடுவார்கள். இரண்டு தடவை தோற்றிருந்தான். மூன்றாவதும் போனால் வயசு தாண்டிவிடும். அப்புறம் ஊருக்குத் திரும்பி, அண்ணன் அதட்டலில் ஏர் பிடிக்க வேண்டியதுதான்.

"கால் தோக்கலடா, துணிதான் தோத்துச்சு" என்பான்.

முதல் தடவை, அதிகாரிகள் பார்ப்பார்களே என்று புதுக் காக்கி நிஜார் தைத்து, கஞ்சி போட்டு, தகடு மாதிரி தேய்த்து மாட்டிக்கொண்டு போனான். மூன்றாம் மைலில் வியர்வை பட்டுக் கஞ்சி பசையானது. ஐந்தாம் மைலில் காய்ந்து உப்புத்தாளானது. மிச்சத்தை நண்டு மாதிரி நடந்தான். இரண்டாம் தடவை வேட்டியை மடித்துக் கட்டினான். எங்கள் பக்கத்துக் காலைப் பனியில் புல் எல்லாம் சொட்டச் சொட்ட நிற்கும். நனைந்த வேட்டி காலைச் சுற்றியது. சுற்றாத பாகத்தை உன்னிப் புதர் முள் பிடித்து வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது ஆராய்ச்சி. நூறு தடவை துவைத்த துணிதான் நடைக்கு ஆகும் என்று கண்டுபிடித்தான். சந்தையில் முன்பின் தெரியாதவர் வேட்டி நுனியைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பான்.

"ஏண்ணா, இது எத்தன வருஷத்து வேட்டிங்க?"

"விடுய்யா! யாரு நீ?"

"புதுசு தரேண்ணா, இத அவுத்துக் குடுங்க."

ஒரு மாட்டுவண்டிக்காரர் நிஜமாகவே அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, இவன் மனசு மாறுவதற்குள் வண்டியை விரட்டினார். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மாள் அறை வாசலிலேயே வந்து நின்றுவிட்டாள்.

"ஏமய்யா, ஓட்டைத் துணிக்குப் புதுத்துணி குடுத்தா எங்கிட்ட எவ வருவா? எம் பொழப்புல மண்ணு போடறியே, நீ நல்லா இருப்பியா?"

இவன் பயப்படவில்லை. அவள் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, அதுல மெத்துனு ஏதாச்சும் இருக்குங்களா?"

கிடைத்த துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்குவது அடுத்த கட்டம். ஒரே காலையில் ஏழு தடவை ஏறியதைப் பார்த்த ஒரு பெரியவர் உருகிப்போய்க் கேட்டார்: "என்ன வேண்டுதலப்பா?"

"தொடை உரசக் கூடாதுங்க சாமி."

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்னதை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். துணி எடுக்கும்போது கண்ணாடி முன்னால் அசையாமல் நிற்கிறோம். போட்டுக்கொண்ட பிறகு அப்படியே நின்றுகொண்டா இருக்கிறோம்? குனிகிறோம், குந்துகிறோம், பஸ்ஸுக்கு ஓடுகிறோம். அந்த நேரத்துக்கு எந்தத் துணி என்று கேட்ட ஒரே ஆளுக்குப் பைத்தியம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

கடைசியில் வண்டிக்காரர் வேட்டி வென்றது. அதில் நிஜார் தைக்கக் கொண்டுபோனான். தையற்கடை பாய் அதை விரலால் தூக்கிப் பார்த்தார். "அரே, இதுல ஊசி ஏத்தினா ஓட்டை ஆவும். ஓட்டைல ஏத்தினா எங்க நிக்கும்?" ஆனாலும் தைத்தார். பெல்ட்டும் பொத்தானும் இல்லை, நாடா. தொடை சேரும் இடத்தில் தையலே வராமல் ஒரு சதுரத் துண்டு. தைத்து முடித்து அவரே கேட்டார்: "இது நிஜாரா, தலகாணி உறையா?"

பரீட்சையன்று நானும் கூடப் போனேன். மற்றவர்கள் எல்லாம் கஞ்சி மடிப்புக் கலையாமல் விறைப்பாக நின்றார்கள். ரேஞ்சர் இவனைப் பார்த்தார். "என்னய்யா வேஷம் இது?"

"வேஷமில்லீங்கய்யா, நடக்கறதுக்குங்க."

போனார்கள். மூன்றே முக்கால் மணி நேரம் கழித்து, முதல் மூன்று பேர் கால் அகட்டித் தள்ளாடிக்கொண்டு வந்து விழுந்தார்கள். நாலாவதாக என் பழந்துணி நேராக நடந்து வந்தான். ஆனால் இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தான். ரேஞ்சர் முன்னால் வந்து நின்ற பிறகும் எடுக்கவில்லை.

"ஏன்யா, கலெக்டராட்டம் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கறே? முன்னால கொண்டா!"

"முடியாதுங்கய்யா."

 பதினாறு மைல் நடந்து ஜெயித்துவிட்டு, மரியாதை தெரியாதவன் என்று தள்ளிவிட்டால்? ரேஞ்சர் முகம் சிவந்து, மெதுவாக அவனைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பன்னிரண்டாம் மைல் முள்ளில் வண்டிக்காரர் வேட்டி தன் ஆயுளை முடித்திருந்தது.  ரேஞ்சர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"பேரச் சொல்லுய்யா. எழுதணும்."

அன்றுதான் எனக்கும் அவன் நிஜப் பெயர் ஞாபகம் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாள், பஸ் கண்டக்டர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தான். உள்ளே சர்க்கார் கொடுத்த புதுக் காக்கி நிஜார், பலகை மாதிரி. கூடவே ஒரு சீட்டு: "ரெண்டு குடுத்திருக்காங்க. ஒண்ண நீ ஒரு மாசம் போட்டு நடந்து, துவச்சு, பழக்கி அனுப்புடா. வேற யாரு செய்வா?"

வருஷத்துக்கு ஒன்று வந்துகொண்டிருக்கிறது. இன்று காலையும் ஆறு மைல் நடந்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தொடை கொஞ்சம் எரிகிறது. இன்னும் ஒரு வாரம் நடந்தால் அவனுக்கு மெத்தென்று ஆகிவிடும்.